பழுதான பிரதிகளின் பயிர்: நெல்லுக்குள் இருக்கும் நொதிக் குடும்பங்கள்

ஐப்பசி மழையில் சாய்ந்துகிடக்கும் வயலைப் பார்த்தவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் தெரியும். கதிர் முற்றி, அறுப்புக்கு நாலைந்து நாளே இருக்கும்போது ஓர் இரவு காற்றோடு மழை கொட்டும். விடிந்து பார்த்தால் பயிர் தண்ணீரில் படுத்திருக்கும். காவிரிப் படுகையில் குறுவை அறுவடை பருவமழையோடு மோதும் ஆண்டுகளில் இன்னொரு கொடுமையும் சேர்ந்துகொள்ளும். நனைந்த மணிகள் கதிரிலேயே முளைவிட்டு, வெள்ளைக் குருத்து எட்டிப் பார்க்கும்.

சாய்வது ஒரு துன்பம், முளைப்பது இன்னொரு துன்பம். இரண்டையும் நாம் மழையின் மேல் போடுகிறோம். மழை தூண்டுகோல்தான், செடிக்குள்ளே வேலை செய்பவை நொதிகள். தண்டை நீட்டி வளர்க்கும் ஹார்மோனைச் சமைப்பவை சில நொதிகள். மணிக்குள் இருக்கும் மாவை உடைத்துச் சர்க்கரையாக்கி முளைக்கு ஊட்டுபவை வேறு சில. ஒரு நொதி என்பது ஒரு புரதம். ஒரு குறிப்பிட்ட வேதிமாற்றத்தை மட்டும் விரைவாகச் செய்து முடிப்பது. அதைக் கட்டுவதற்கான குறிப்பு ஒரு மரபணுவில் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் நெல்லில் ஒரு வேலைக்கு ஒரு மரபணு என்று கணக்கு நேராக இருப்பதில்லை. ஒரே வேலையைச் செய்யத் தெரிந்த மரபணுக்கள் இரண்டு, நான்கு, பத்து, சிலவற்றில் நூற்றுக்கணக்கில் கூட இருக்கின்றன. இவற்றைத்தான் மரபணுக் குடும்பம் என்கிறார்கள்.

இந்தக் குடும்பக் கதையில் என்னை விடாமல் இழுப்பது ஒரு செய்தி. மனிதன் நெல்லில் விரும்பித் தேர்ந்தெடுத்த குணங்களில் பல, ஏதோ ஒரு நொதிக் குடும்பத்தில் ஓர் உறுப்பினர் பழுதானதால் வந்தவை. குட்டைத் தண்டு அப்படி வந்தது. ஒட்டும் சோறும் பாசுமதியின் மணமும் அப்படித்தான். மணி மிகுந்த கதிர்கூட அப்படித்தான். ஒருவன் வேலையை நிறுத்தினாலும் மற்றவர்கள் தாங்கிக்கொள்ள ஒரு குடும்பம் இருந்ததால் செடி பிழைத்தது. பிழைத்ததால் உழவர் கண்ணில் பட்டது.

தண்டிலிருந்து தொடங்கலாம். ஜப்பானிய உழவர்கள் 'பகானே' என்று ஒரு நெல் நோயை அழைத்தார்கள். 'முட்டாள் நாற்று' என்று பொருள். நோய் கண்ட நாற்று மற்றவற்றைவிட நெடுநெடுவென வளர்ந்து, வெளிறி, கடைசியில் சாய்ந்து சாகும். 1926இல் தைவானில் பணிபுரிந்த எய்ச்சி குரோசாவா, இது நோயை உண்டாக்கும் பூசணம் சுரக்கும் ஒரு பொருளால் நேர்வது என்று காட்டினார். 1935இல் தெய்ஜிரோ யபுடா அந்தப் பொருளுக்கு ஜிப்ரலின் என்று பெயர் வைத்தார். பிறகுதான் தெரிந்தது, நெல்லும் மற்றச் செடிகளும் இதே வகைப் பொருளைத் தங்கள் சொந்த ஹார்மோனாக அளவோடு தயாரித்துக்கொள்கின்றன என்பது. பூசணம் அந்த அளவைக் கெடுத்துவிடுகிறது.

செடி ஜிப்ரலினைத் தயாரிப்பது ஒரு நீண்ட தொடர். அதன் பின்பகுதியில் ஜிஏ20 ஆக்சிடேஸ் என்ற நொதி வருகிறது. மூலக்கூறில் உள்ள 20ஆவது கரிம அணுவை நீக்கி, ஹார்மோனைச் செயல்படும் வடிவத்துக்கு அருகே கொண்டுவருவது அதன் வேலை. நெல்லில் இந்தக் குடும்பத்துக்கு நான்கு மரபணுக்கள். இரண்டாவது மரபணு முதல் குரோமோசோமில் இருக்கிறது. இலையிலும் தண்டிலும் பூவிலும் வேலை செய்கிறது. முதலாவது பெரும்பாலும் விரியாத பூக்களில் வேலை செய்கிறது.

இப்போது 1962க்கு வருவோம். பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அன்றைய வெப்பமண்டல நெல் வகைகளுக்கு ஒரு பொதுவான சிக்கல் இருந்தது. உரம் போட்டால் விளைச்சலைவிட உயரம்தான் முந்திக்கொண்டு ஏறும். கதிர் கனத்ததும் சாய்ந்துவிடும். பீட்டர் ஜென்னிங்ஸ் என்ற பயிர்ப் பெருக்கவியலாளர் இந்தோனேசியாவின் நெட்டை வகையான பீட்டாவை, தைவானின் குட்டை வகையான டீ-ஜியோ-வூ-ஜென்னுடன் கலந்தார். அது அந்த நிலையத்தின் எட்டாவது கலப்பு. முதல் தலைமுறை முழுதும் நெட்டை. இரண்டாம் தலைமுறையில் கால்பங்கு செடிகள் குட்டையாக நின்றன. மூன்றுக்கு ஒன்று என்ற இந்த விகிதத்தைப் பார்த்தவுடன் ஒரு பயிர்ப் பெருக்கவியலாளருக்கு உடல் சிலிர்க்கும். குட்டைத்தன்மைக்குக் காரணம் ஒரே ஒரு ஒடுங்கு மரபணு, அதாவது இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால் மட்டுமே தன் குணத்தைக் காட்டும் மரபணு, என்று அதற்குப் பொருள். ஹென்றி பீச்செல் அந்தக் கூட்டத்திலிருந்து தேர்ந்தெடுத்த வரிசையே 1966இல் ஐ.ஆர்.8 என்று வெளிவந்தது. நம் ஊரில் 'ஐ.ஆர். எட்டு' என்று பாட்டி தாத்தாக்கள் இன்றும் பேர் சொல்லும் நெல் அதுதான். நெட்டை நெல் ஒன்றரை மீட்டரைத் தாண்டிய காலத்தில் இது ஒரு மீட்டர் அளவில் நின்றது. உரத்தை வாங்கிக்கொண்டு சாயாமல் கதிர் தள்ளியது.

அந்த ஒடுங்கு மரபணு எது என்று தெரிய இன்னும் 36 ஆண்டுகள் பிடித்தன. 2002இல் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலுமாக மூன்று குழுக்கள் ஒரே நேரத்தில் விடையைக் கண்டன. ஜிஏ20 ஆக்சிடேஸ் குடும்பத்தின் இரண்டாவது மரபணுவில் 383 எழுத்துகள் காணாமற் போயிருந்தன. வாக்கியத்தின் நடுவில் சில வரிகளைக் கிழித்துவிட்டால் மிச்சம் எப்படிப் பொருளற்றுப் போகுமோ, அப்படி அந்த நொதி உருவாகாமல் போனது. தண்டில் ஜிப்ரலின் குறைந்தது, தண்டு குட்டையானது. முதலாவது மரபணு பூவில் தன் வேலையைத் தொடர்ந்ததால் பூப்பதும் மணி பிடிப்பதும் கெடவில்லை. பசுமைப் புரட்சியின் நெல் பாதியைத் தாங்கிப் பிடித்தது இந்தச் சிறு வேலைப் பங்கீடு.

இதை எதிர்ப்பக்கமாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஜிப்ரலின் தொடரின் முற்பகுதியில் சில கட்டங்களுக்கு நெல்லிடம் ஒற்றை மரபணுதான் இருக்கிறது. ஈடுகொடுக்க உறவு கிடையாது. அவற்றில் ஒன்று பழுதானால் செடி சுண்டிப்போய், பூவும் விதையும் வைக்காமல் நின்றுவிடும். எந்த உழவரும் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டார். தேர்ந்தெடுக்க விதையே இருக்காது. ஆகவே தைவானில் இயல்பாகத் தோன்றிய குட்டை வகையும், ஜப்பானில் காமா கதிர் பாய்ச்சி உண்டாக்கிய ரெய்மெய் வகையும், அமெரிக்காவில் அதே முறையில் கிடைத்த கால்ரோஸ் 76 வகையும், ஒன்றையொன்று அறியாமல் ஒரே மரபணுவின் பழுதில் போய் முடிந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பழுதாகியும் பயனாகக்கூடிய இடங்கள் அந்தப் பாதையில் மிகச் சிலவே.

அதே மரபணு வங்கதேசத்து ஆழ்நீர் நெல்லில் நேர்மாறான வேலையைச் செய்கிறது. அங்கே வெள்ளம் மாதக்கணக்கில் மீட்டர் கணக்கில் நிற்கும். நீர் ஏற ஏற நெல்லும் ஏறும். ஒரு நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல்கூட நீளும். நீருக்குள் அகப்பட்ட செடியில் எத்திலீன் வாயு வெளியேற முடியாமல் தேங்குகிறது. அந்தச் சைகை இந்த மரபணுவை முடுக்கிவிட, ஜிப்ரலின் பெருகி, கணுவிடைகள் விறுவிறுவென நீள்கின்றன. 2018இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை விளக்கமாகக் காட்டினார்கள். நஞ்சைக்கு ஏற்ற குட்டை நெல்லில் பழுதாகிக் கிடப்பதும், வெள்ளத்தில் நீந்தும் நெல்லில் துடிப்பாக இயங்குவதும் ஒரே மரபணு. மண்ணும் நீரும் எதைக் கேட்கின்றனவோ அதற்கேற்ப ஒரே உறுப்பினர் வரமாகவோ சாபமாகவோ மாறுகிறார்.

குட்டைத்தன்மைக்கு விலையும் கொடுத்தோம். ஜிப்ரலின் குறைந்த செடியில் வளர்ச்சிக்குத் தடை போடும் புரதங்கள் தேங்குகின்றன. அவை தண்டை மட்டும் அடக்குவதில்லை, தழைச்சத்தை உறிஞ்சும் திறனையும் மட்டுப்படுத்துகின்றன. இந்த வகைகள் உரத்தை ஏன் இவ்வளவு கேட்கின்றன என்பதற்கு இது ஒரு காரணம். யூரியா மூட்டைக்காகக் கடை வாசலில் நிற்கும் உழவரின் காத்திருப்புக்கும் அந்த 383 எழுத்துகளுக்கும் தொடர்பு உண்டு.

இத்தனை பிரதிகள் எங்கிருந்து வந்தன? நெல், கோதுமை, சோளம் ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவான புல் மூதாதை ஒன்றில், சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் மரபணுத் தொகுதி முழுதும் இரட்டித்தது. அதற்குப் பிறகும் ஆங்காங்கே ஒரு மரபணு தன் பக்கத்திலேயே தன்னைப் போல் இன்னொன்றைப் படியெடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. நெல்லின் 12 குரோமோசோம்களையும் எழுத்து எழுத்தாகப் படிக்கும் பன்னாட்டுத் திட்டம் 1998இல் தொடங்கி, 2005இல் முழு வரைபடத்தை வெளியிட்டது. இந்தியா அதில் 11ஆவது குரோமோசோமின் ஒரு பகுதியைப் படித்துக் கொடுத்தது. சுமார் 39 கோடி எழுத்துகளுக்குள் ஏறத்தாழ 37,500 மரபணுக்கள் என்று அப்போது கணக்கிட்டார்கள். சைட்டோகுரோம் பி450 என்ற ஒரே நொதிக் குடும்பம் மட்டும் 300க்கு மேற்பட்ட உறுப்பினர்களோடு அதில் பரந்து கிடந்தது.

படியெடுத்த பிரதிக்கு மூன்று வழிகள். பயனின்றிச் சிதைந்து போகலாம். மூலத்தோடு வேலையைப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஒன்று பூவுக்கு, ஒன்று தண்டுக்கு என்பது போல. அல்லது கட்டவிழ்ந்து புதுத் தொழில் கற்றுக்கொள்ளலாம். மூன்றாவது வழிக்கு நெல்லில் ஓர் அழகான சான்று இருக்கிறது. ஜிப்ரலின் தொடரின் தொடக்கத்தில், ஒரு நீண்ட கரிமச் சங்கிலியை வளைத்து வளையமாக்கும் நொதி ஒன்று உண்டு. அதன் பிரதிகளில் ஒன்று ஹார்மோன் வேலையிலேயே நின்றது. மற்ற இரண்டு போர்த்தொழிலுக்குப் போய்விட்டன. குலைநோய்ப் பூசணம் தாக்கும்போது இலை சுரக்கும் நச்சுப்பொருள்கள் இவற்றின் வழியாகத்தான் உருவாகின்றன. அவற்றில் ஒன்றான மோமிலாக்டோன் 1970களில் நெல் உமியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. நெல் வேர் அதை மண்ணிலும் கசியவிட்டு, பக்கத்தில் முளைக்கும் குதிரைவாலிப் புல்லை ஒடுக்கப் பார்க்கிறது. வளர்ச்சி ஹார்மோனைச் சமைத்த அதே அடுப்பில் செடி தன் ஆயுதத்தையும் காய்ச்சக் கற்றுக்கொண்டது.

இனி சமையலறைக்கு வருவோம். நெல்லின் நொதிக் குடும்பங்களில் நம் நாக்குக்கு மிக நெருக்கமானவை மாவுச்சத்தைக் கட்டுபவை.

அரிசியில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. அது இரண்டு உருவங்களில் இருக்கிறது. அமைலோஸ் என்பது ஏறக்குறைய கிளையற்ற நீள் சங்கிலி. அமைலோபெக்டின் என்பது கிளைகள் அடர்ந்த மரம். அமைலோஸ் கூடினால் சோறு உதிரி உதிரியாக இருக்கும், ஆறினால் விறைக்கும். குறைந்தால் குழையும், ஒட்டும். இவற்றைக் கட்ட ஒரு கொத்தனார் கூட்டமே இருக்கிறது. சங்கிலியை நீட்டும் மாவுச்சத்து சிந்தேஸ் குடும்பத்தில் பத்துப் பேர். கிளை பிரிக்கும் நொதிகள் மூன்று. தேவையற்ற கிளைகளை வெட்டிச் சீராக்கும் நொதிகள் நான்கு. கிளை வெட்டுபவர்கள் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அவர்களில் முதன்மையானவர் பழுதான நெல் ஒன்று உண்டு. அதில் மாவு அடுக்காகப் படியாமல், நீரில் கரையும் இனிப்புக் கூழாகி, மணி காய்ந்ததும் சுருங்கிப் போகிறது. ஒழுங்காக வெட்டினால்தான் கிளைகள் வரிசையாகப் படிந்து கெட்டியான மணி கிடைக்கும்.

அமைலோஸைக் கட்டுவது இந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர்: ஆறாவது குரோமோசோமில் உள்ள வாக்ஸி மரபணு தரும் நொதி. அதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. அது இலை போன்ற பகுதிகளில் மட்டும் வேலை செய்கிறது, மணிக்குள் வருவதில்லை. ஆகவே மணிக்குள் வாக்ஸி சொல்வதே சட்டம். அந்த மரபணுவில் 23 எழுத்துகள் இரட்டித்துப்போய் நொதி முற்றிலும் இல்லாமல் போனால் கிடைப்பது பசையரிசி. லாவோசில் அன்றாடச் சோறும் ஜப்பானில் மோச்சி பலகாரமும் அதுதான். அயோடின் ஒரு சொட்டு விட்டாலே வேறுபாடு தெரியும். நம் சாதாரண அரிசி கருநீலமாகும். பசையரிசி செம்பழுப்போடு நின்றுவிடும். இலையின் மாவில் உடன்பிறப்பின் உழைப்பால் அமைலோஸ் இருந்துகொண்டேதான் இருக்கும். மணியில் நேர்ந்த இழப்பு செடியின் மற்ற உறுப்புகளைத் தொடவில்லை.

முழுப் பழுதும் இல்லாமல் முழு நலமும் இல்லாமல் ஒரு நடுநிலை உண்டு. ஜப்பானியக் குட்டை மணி வகைகளில் வாக்ஸி மரபணுவின் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கிறது. ஜி இருந்த இடத்தில் டி. அந்த ஒரு மாற்றத்தால் மரபணுச் செய்தியை வெட்டி ஒட்டும் வேலை அடிக்கடி தவறுகிறது. நொதி குறைவாகவே உருவாகிறது. அமைலோஸ் 25 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் 17, 18 என்று நிற்கிறது. குச்சியால் அள்ளிச் சாப்பிடத் தோதான, மென்மையாக ஒட்டும் சோறு அப்படித்தான் வந்தது. இந்த வகை வாக்ஸி குளிரைக் கண்டால் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யும். மணி பிடிக்கும் காலத்தில் குளிர் மிகுந்தால் அமைலோஸ் ஏறிச் சோறு கடினமாகிவிடும். வட ஜப்பானின் ஹொக்கைடோ உழவர்கள் பல காலம் இதனோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

நம்முடைய தென்னிந்திய, இலங்கைச் சமையல் பழக்கம் வாக்ஸியின் நலமான வடிவத்தின் மேல் கட்டப்பட்டது என்பது என் எண்ணம். புழுங்க வைத்தும் குழையாத அரிசி, குழம்பை வாங்கிக்கொண்டு கையில் உருளும் சோறு, மிஞ்சியதில் நீர் ஊற்றி வைத்தால் மறுநாள் கரையாமல் பருக்கையாகவே நிற்கும் பழையது. ஆறும்போது அமைலோஸ் சங்கிலிகள் மறுபடி ஒன்றோடொன்று நெருங்கி இறுகுகின்றன; அந்த இறுகலில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத மாவாகிறது. கிளை பிரிக்கும் நொதி ஒன்றை முடக்கினால் இந்தச் செரிக்காத மாவு மேலும் கூடும். நீரிழிவுக்காரர்களை மனத்தில் வைத்து அப்படிப்பட்ட நெல் வகைகளைச் சீனாவிலும் ஜப்பானிலும் உருவாக்கியிருக்கிறார்கள்.

மணத்தின் கதை இன்னும் சுருக்கமானது. பாசுமதியிலும் தாய்லாந்தின் மல்லிகை அரிசியிலும் வருவது 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற ஒரே பொருள். இலங்கைச் சமையலில் போடும் ரம்பை இலையிலும் அதுதான் மணக்கிறது. ரொட்டி சுடும்போது மேல்தோலில் எழும் வாசனையிலும் அதற்குப் பங்குண்டு. நெல்லில் ஆல்டிஹைடு டிஹைட்ரஜனேஸ் குடும்பத்தைச் சேர்ந்த இரு நெருங்கிய உறவினர்கள் உண்டு. நான்காவது குரோமோசோமில் ஒன்று, எட்டாவதில் ஒன்று. இவற்றுக்குப் பெயர் பீட்டைன் ஆல்டிஹைடை வைத்துத்தான் இட்டிருக்கிறது, ஆனால் நெல் பீட்டைன் என்ற காப்புப் பொருளைச் சேர்த்துவைக்கும் பயிரே இல்லை. இரண்டாவது நொதி நடைமுறையில் செய்வது, மணப்பொருளுக்கு மூலமாகும் ஒரு சிறு மூலக்கூறை வேறு பொருளாக மாற்றிச் செலவழித்துவிடுவது. 2005இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், மணமுள்ள அரிசிகளில் இந்த இரண்டாவது மரபணுவில் 8 எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். நொதி இல்லை, மூலப்பொருள் தேங்குகிறது, தேங்கியது மணமாகிறது. இமயத்தின் அடிவாரத்தில் யாரோ ஒரு குடும்பம், அடுப்படியில் பொங்கிய ஒரு புது வாசனைக்காக ஒரு குறைபாட்டைக் கைவிடாமல் விதையாக எடுத்து வைத்திருக்கிறது. அதை நினைக்கும்போது எனக்கு அந்தப் பெயர் தெரியாத மனிதர்கள் மேல் மதிப்பு கூடுகிறது.

ஆனால் இழப்பெல்லாம் லாபம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஐப்பசி வயலில் கதிரிலேயே முளைத்த மணிகளுக்குத் திரும்பினால் இது விளங்கும்.

விதை நனைந்ததும் கருமுளை ஜிப்ரலினைச் சுரக்கிறது. அது தவிட்டடுக்கின் செல்களைத் தட்டி எழுப்ப, அவை ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதியை வெளிவிட்டு மாவை உடைக்கின்றன. இந்தக் குடும்பத்திலும் ஏறத்தாழ பத்துப் பேர். சிலர் ஜிப்ரலினின் கட்டளைக்கு எழுகிறவர்கள். 3டி என்று குறிக்கப்படும் ஒருவர் வேறு மாதிரி. சர்க்கரை தீர்ந்துபோனது என்ற பசிச் சைகைக்கு எழுகிறவர். ஏன் இப்படி இரண்டு வழி? சேற்றில் விதைத்தபின் மழை கொட்டி விதை நீருக்குள் மூழ்கிவிட்டால் பிராணவாயு இருக்காது. ஜிப்ரலின் தயாரிப்பின் பின்கட்டங்கள் பிராணவாயு இல்லாமல் நடக்கமாட்டா. முதல் வழி அடைபட்டது. அப்போது பசிக்கு எழும் 3டி மாவை உடைக்கத் தொடங்குகிறது. கிடைத்த சர்க்கரையை ஆல்கஹாலாக நொதிக்கவைத்து அந்தச் சொற்ப ஆற்றலில் முளைக்குருத்து காற்றைத் தேடி மேலே நீள்கிறது, வேர் காத்திருக்கிறது. கோதுமையும் பார்லியும் இதே நிலையில் அமைலேஸைச் சுரக்க முடியாமல் அழுகிவிடும். நெல் நீர்ப்பயிராக நின்றதற்கு இந்தக் கூடுதல் உறவினர் ஒரு முக்கியக் காரணம்.

இங்கேதான் ஓர் இழப்பு வலிக்கிறது. நடவுக்கு ஆள் கிடைக்காமல் நேரடி விதைப்புக்கு மாறும் ஊர்கள் ஆசியா முழுதும் பெருகுகின்றன. ஆனால் நல்ல சோறு தரும் பெயர்பெற்ற ஐ.ஆர்.64 போன்ற வகைகள் நீருக்கடியில் முளைக்கத் திணறுகின்றன. மியான்மரின் காவ் லான் ஆன் என்ற நாட்டு வகையோ தடையின்றி முளைத்தது. 2015இல் காரணம் தெரிந்தது. ட்ரெஹலோஸ் பாஸ்பேட்டைச் சிதைக்கும் நொதிக் குடும்பத்தின் ஏழாவது உறுப்பினர் அந்த நாட்டு நெல்லில் இருக்கிறார், ஐ.ஆர்.64இல் அந்த மரபணுவே இல்லை. ட்ரெஹலோஸ் பாஸ்பேட் என்பது செடிக்குள் 'சர்க்கரை போதுமான அளவு இருக்கிறது' என்று அறிவிக்கும் சைகை. ஏழாமவர் அதைச் சிதைத்துக்கொண்டே இருந்தால், இருப்பு குறைகிறது என்று முளை உணர்கிறது. மாவை மேலும் உடைத்து அனுப்புகிறது. குடும்பத்தில் அரைடஜனுக்கும் மேலான உறவினர்கள் மிச்சம் இருந்தும் இந்த இடத்தை நிரப்ப ஒருவராலும் முடியவில்லை. நாட்டு வகைகளை விதை வங்கியில் பாதுகாக்கச் சொல்பவர்களைப் பழமை விரும்பிகள் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். ஒரு குடும்பத்தின் எந்த உறுப்பினர் எந்தக் குக்கிராமத்து நெல்லில் உயிரோடு இருக்கிறார் என்று அவர்களைத் தவிர யார் தேடுவார்கள்?

கடைசியாக, இன்று செய்தியில் இருக்கும் குடும்பம். சைட்டோகைனின் என்ற ஹார்மோன் செல்களைப் பிரியச் சொல்லும். கதிர் உருவாகும் நுனியில் அது மிகுந்தால் கிளைகளும் பூக்களும் கூடும். அதைச் சிதைத்து அளவில் வைப்பது சைட்டோகைனின் ஆக்சிடேஸ் குடும்பம். நெல்லில் 11 பேர். இவர்களில் இரண்டாமவர் கதிர் நுனியில் வேலை செய்கிறார். 2005இல் மோட்டோயுகி அஷிகாரியும் உடன் பணிபுரிந்தவர்களும், கொஷிஹிகாரி என்ற ஜப்பானிய வகைக்கும் கதிரில் மணி மிகுந்த ஹபட்டாகி வகைக்கும் உள்ள வேறுபாட்டைத் துருவிப்போய் இந்த மரபணுவைப் பிடித்தார்கள். அது மந்தமானால் மணி கூடுகிறது. சீனாவின் ஒரு உயர் விளைச்சல் வரிசையில் 11 எழுத்துகள் விடுபட்டு அது முழுதும் செயலிழந்திருந்தது. குடும்பம் முழுதும் முடங்கினால் செடியின் ஒழுங்கே குலைந்துபோகும். இரண்டாமவர் ஒருவர் மட்டும் ஓய்ந்தால் கதிர் மட்டும் பெருக்கிறது. சாய்ந்த வயலிலிருந்து தொடங்கிய அதே பாடம்தான்.

2025 மே மாதம் இந்திய அரசு மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் வகைகளை அறிவித்தது. ஒன்று, ஹைதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் சம்பா மசூரியைத் திருத்தி உருவாக்கிய டிஆர்ஆர் தான் 100, மறுபெயர் கமலா. தமிழ்நாட்டில் பிபிடி என்று உழவரும் அரிசிக் கடைக்காரரும் அழைக்கும் அதே நெல். அதில் திருத்தியது இந்த இரண்டாவது சைட்டோகைனின் ஆக்சிடேஸைத்தான். வேறு உயிரின் மரபணு எதையும் வைத்திருக்காமல், இயற்கை முன்பே சில வகைகளில் செய்துவைத்த பழுதைச் சம்பா மசூரியில் வேண்டுமென்றே உண்டாக்கினார்கள். மற்றொன்று, எம்டியு 1010 வகையைத் திருத்திய பூசா டிஎஸ்டி நெல் 1. வறட்சியையும் உப்பையும் தாங்குவதற்காக அதில் ஒரு கட்டுப்பாட்டு மரபணுவை முடக்கினார்கள். அந்தக் கட்டுப்பாட்டு மரபணு ஏவி விடுபவற்றில் இதே சைட்டோகைனின் ஆக்சிடேஸும் ஒன்று என்று 2013இலேயே காட்டப்பட்டிருந்தது. இரண்டு வகைகள், இரண்டு நோக்கங்கள், இரண்டின் கைகளும் ஒரே குடும்பத்தின் ஒரே கதவில்.

விளைச்சல் கூடும், நாட்கள் குறையும் என்று அரசு அறிவித்தது. களச் சோதனைத் தரவுகளைப் பற்றிக் கேள்விகளும் எழுந்தன. நான் அவற்றைப் பகை நோக்கோடு பார்க்கவில்லை, வியந்து புகழவும் அவசரப்படவில்லை. பூ கூடுவது வேறு, மணி கூடுவது வேறு. கூடிய ஒவ்வொரு பூவுக்கும் இலையிலிருந்து சர்க்கரை போய்ச் சேர வேண்டும். அங்கே நிற்பது இன்னொரு குடும்பம்: சுக்ரோஸை உடைத்து மணிக்குள் இறக்கும் இன்வர்ட்டேஸ்கள். செல் சுவரில் வேலை செய்யும் இவர்களில் ஒருவர் மந்தமானால் மணி நிரம்பாது என்று 2008இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். பூக்கும் நேரத்தில் வெயில் ஏறினாலும், முற்றும் நேரத்தில் நீர் வற்றினாலும், இந்த ஊட்டும் வேலை முதலில் தளர்கிறது. கதிரில் எத்தனை மணி என்று எண்ணுவது ஆய்வாளருக்கு எளிது. உழவர் களத்துமேட்டில் முறத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காற்றில் தூற்றும்போது, நேராகக் காலடியில் விழுவது எவ்வளவு, பதராகப் பறந்துபோவது எவ்வளவு என்பதில்தான் பிபிடியின் புது வடிவம் தன்னைச் சொல்லும்.